பங்காளிகள் வீட்டில் ரத்தம் எடுக்கப் போன கதை

மதுரைக்கு எதற்குப் போகிறாய் என்று ஈப்போவில் கேட்டவர்களிடமெல்லாம் "ரத்தம் எடுக்க" என்று சொன்னேன். அதற்கு மேல் ஒருவரும் பேச்சை வளர்க்கவில்லை. கோயிலுக்கு என்று சொல்லியிருந்தால் ஆளுக்கொரு குங்குமப் பொட்டலம் கேட்டிருப்பார்கள்.

நான் கோலாலம்பூரில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஊசியைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். இரண்டாயிரங்களின் பின்பகுதி அது. செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் வந்துவிட்டது, அடித்தால் எடுத்துப் பேசும் பழக்கம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

விமான நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் பெயர் பாண்டி. என் கையிலிருந்த ஐஸ் பெட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்கிட்டுக்கா போகணும்? பெட்டிக்குள்ள என்ன, மீனா?"

"வெறும் குழாய்கள்தான். ரத்தம் பிடிக்கிறதுக்கு."

"யார் ரத்தம்க்கா?"

"இன்னும் யாரும் கொடுக்கலை."

வண்டியூர்த் தெப்பக்குளம் வரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே இறக்கிவிடும்போது, நான் நல்ல குடும்பத்துப் பெண்தான் என்று முடிவுக்கு வந்தாரோ என்னவோ, "எங்க போறதா இருந்தாலும் நமக்கு ஒரு போன் அடிங்க" என்று நம்பர் கொடுத்தார். குளம் எதிரே இருந்த விடுதியில் எனக்கு அறை. அம்புட்டுப் பெரிய குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நடு மண்டபத்தைச் சுற்றிப் பல கிரிக்கெட் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. யார் பந்து யார் ஆட்டத்தில் விழுகிறது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பரோட்டாக் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் பரோட்டா மாதிரியே இருக்கும் ரொட்டி சானாயைத் தட்டில் வைத்து, குழம்பை ஓரமாக ஒரு கிண்ணத்தில் தருவார்கள். தொட்டுக்கொள்வது நம் பாடு. இங்கே பரிமாறியவர் என்னைக் கேட்காமலே இரண்டு பரோட்டாவையும் பிய்த்துப் போட்டு, சால்னாவை ஊற்றி மூழ்கடித்துவிட்டார். "ஐயையோ, ஊறிடுமே" என்றேன். "ஊறத்தான் ஊத்துறேன்" என்றார். சாப்பிட்டுப் பார்த்த பிறகு அவரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு, இன்னும் இரண்டு சொன்னேன்.

மறுநாள் காலை, வந்த வேலை. அதைச் சொல்வதற்கு முன் பத்ரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் காது மூக்கு தொண்டை டாக்டர் சாந்தி என்று ஒருவர். அவரிடம் காதுக் கருவி கேட்டு வந்தவர் பத்ரி. நாற்பதைத் தாண்டியவர், சௌராஷ்டிரர், அண்ணனோடு சேர்ந்து சுங்குடிச் சேலை வியாபாரம். சின்ன வயதில் நோய்க்கு ஊசி போட்டபோது காது போனது என்று சொல்லியிருக்கிறார். அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டி வழியில் இன்னும் சிலருக்கும் காது கேட்காது என்று தெரிந்ததும் சாந்திக்குப் பொறி தட்டிவிட்டது. பத்ரியின் ரத்தத்தை எங்களுக்கு அனுப்பினார். சந்தேகப்பட்டது சரிதான். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிற ஒரு சின்னக் கோளாறு அவருக்கு இருந்தது. அது இருப்பவர்களுக்குச் சில வகை ஊசி மருந்து உள்ளே போனால் காது செத்துப்போகும். குடும்பத்தில் மற்றவர்களையும் பார்க்க வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள்.

பத்ரியின் அண்ணன் தாமோதரனிடம் கோலாலம்பூரிலிருந்தே போனில் பேசியிருந்தேன். "உங்க குடும்பத்துல எல்லாரும் இருந்தா நல்லதுண்ணே" என்று சொன்னேன். "எல்லாரையும் கூட்டிப்பிடுறேன் மேடம், கவலையை விடுங்க" என்றார்.

கூட்டிவிட்டார்! மகாலுக்குப் பக்கத்துச் சந்தில் அவர்கள் வீடு. கீழே கடை, மேலே குடித்தனம். மாடியேறிப் போனால் கூடம் முழுக்க ஆண்கள். பட்டுக்கரை வேட்டி கட்டியவர், பாங்கில் லீவு சொல்லிவிட்டு வந்தவர், கப்பலூரில் பிளாஸ்டிக் கம்பெனி வைத்திருப்பவர், எல்லாரும் இடது கைச் சட்டையைச் சுருட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் ஓயாமல் காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் சாந்தி அனுப்பிய நர்ஸ் எனக்கு முன்னாலேயே வந்து வேலையைத் தொடங்கியிருந்தார். நான் ஊசி இருந்த பக்கம் பார்க்காமல், குழாயில் பெயர் எழுத உட்கார்ந்தேன்.

"பத்ரிக்கு நீங்க என்ன உறவு?"

"பங்காளி."

அடுத்தவர்?

"பங்காளி மேடம்."

அதற்கடுத்தவரும் பங்காளி. அவருக்குப் பின்னால் இருந்தவர் நான் கேட்கும் முன்பே "நாங்கள்லாம் ஒரே வீட்டுப் பேரு" என்று பெருமையாகச் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டாம். அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று இறங்கி வரும். குடும்பம் என்றால் அந்தப் பெயர்க்காரர்கள்தான். குடும்பத்தை வரச் சொன்னால் அவர்கள்தான் வருவார்கள். பிழை என்னுடையது, போனில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்க வேண்டும்.

எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நர்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தாமோதரன் பக்கம் திரும்பினேன். "இது அப்பா வழியில வர்றது இல்லைண்ணே, அம்மா வழி. உங்களுக்கும் பத்ரிக்கும் அம்மா ஒண்ணு. அதனால நீங்க ரெண்டு பேரும் போதும். இவங்க ரத்தம் எனக்கு ஒண்ணுக்கும் ஆகாது."

கூடமே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. கப்பலூர்க்காரர் பஞ்சை அழுத்தியபடி, "குடுத்ததைத் திருப்பித் தருவீங்களா?" என்று கேட்டார்.

விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கீழே கடையிலிருந்து வந்த ஒரு சுங்குடிச் சேலை பக்கத்தில் கிடந்தது, அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். உயிரணுவுக்குள் ஆர்.என்.ஏ. என்று ஒன்று உண்டு, அதை நெய்து இறக்கிய வெள்ளைத் துணி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நெய்ததோடு வேலை முடிவதில்லை. நீங்கள் துணியில் இடம் பார்த்து முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளி வைக்கிறீர்களே, அதுபோல உயிரணுவும் ஆர்.என்.ஏ.வின் மேல் இடம் பார்த்து ரசாயனப் புள்ளிகள் வைக்கிறது. ஓரிடத்தில் ஒரு கந்தக அணு, இன்னோரிடத்தில் வேறொன்று. வயிற்றில் பிள்ளை வளரும்போதே இந்த வேலை நடக்கிறது. காதுக்குள் ஒலியை வாங்குகிற நுண்மயிர்கள் நன்றாக இயங்க இந்தப் புள்ளிகள் வேண்டும். பத்ரியின் துணியில் நெசவிலேயே ஓர் இழை பிசகியிருக்கிறது. அந்தப் பிசகு இருக்கிறவர்களில் சிலருக்குப் பிறக்கும்போதே கேட்பதில்லை, சிலருக்கு ஊசி போட்டால்தான் போகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. புள்ளி சரியாக விழுந்ததா இல்லையா என்பதில்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறோம். அதைப் பார்க்கத்தான் வந்தேன். ஆனால் புள்ளி எப்படியிருந்தாலும், இந்த வழியில் வந்த யாருக்கும் ஜென்டாமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் வகை ஊசிகளைப் போடவே கூடாது.

"இப்ப சொல்லுங்க. உங்க அம்மா வயித்துல பொறந்த பொண்ணுங்க யாராவது உண்டா?"

தாமோதரன் கொஞ்சம் தயங்கினார். "ருக்மணி இருக்கா. ஆனா அவளைத்தான் கட்டிக் குடுத்தாச்சே. அது வேற வீடு. மாப்பிள்ளை தவறினப்புறம் நம்ம கூட இருக்கா, அம்புட்டுத்தான்."

காபித் தட்டோடு நின்ற அம்மாள்தான் ருக்மணி. காலையிலிருந்து அத்தனை பங்காளிக்கும் காபி ஆற்றிக் கொடுத்தவர். எனக்கு வேண்டிய ரத்தம் என் கண் முன்னாலேயே போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"அக்காவுக்குப் பிள்ளைங்க?"

"இல்ல" என்றார் தாமோதரன்.

"ஏன் இல்ல? மஞ்சு இருக்காள்ல!"

ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லார் உதட்டையும் பார்த்துக்கொண்டிருந்த பத்ரிதான் அப்படிக் கத்தினார். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவருக்கு மெல்லப் பேசத் தெரியாது. சந்து முனை வரைக்கும் கேட்டிருக்கும். கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தாமோதரன் அவர்கள் மொழியில் ஏதோ வெடுக்கென்று சொன்னார். 'அந்தப் பேரை இந்த வீட்டில் எடுக்காதே என்று எத்தனை தடவை சொல்வது' என்றாராம். பிறகு ருக்மணி அக்கா எனக்குச் சொன்னது.

பங்காளிகள் ஒவ்வொருவராக "வாரேன், கடையைத் தொறக்கணும்" என்று எழுந்தார்கள். ருக்மணி அக்கா என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா, என்னமோ ஊசி சொன்னியே, என்ன ஊசி அது? கைப்பிள்ளைக்கெல்லாம் அதைப் போடுவாங்களா?"

"போடுவாங்க. ஏன்க்கா?"

அவர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். "மஞ்சு எம் மக. அவ பிள்ளைக்கு நெஞ்சுச் சளிம்மா. நேத்து ராத்திரிதான் சோழவந்தான்ல ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. ஊசி போடுறாங்கன்னு சொன்னா. அண்ணனுக்குத் தெரியாம பக்கத்து வீட்டுப் போன்லதான் நான் பேசுவேன்."

மஞ்சுளா சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் கண்ணன் என்பவரைக் காதலித்து, சொல்லாமல் கொள்ளாமல் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டவர். வேறு சாதி. அன்றோடு தாமோதரன் மருமகளைத் தலைமுழுகிவிட்டார். பத்ரிக்கு இருப்பது ருக்மணிக்கும் இருக்கும், மஞ்சுளாவுக்கும் இருக்கும், அந்தப் பிள்ளைக்கும் இருக்கும். பத்ரிக்குக் கல்யாணம் ஆகவில்லை. தாமோதரன் தன் பிள்ளைகளுக்கு இதைக் கொடுக்க முடியாது, ஆண். இந்த வீட்டுத் தாய்வழியில் அடுத்து மிச்சம் இருந்தது இவர்கள் பெயரைக் கூடச் சொல்லாத அந்த இரண்டு பேர்தான்.

மஞ்சுளாவுக்குப் போன் போட்டோம், போகவில்லை. கண்ணனுடையது அணைந்து கிடந்தது. டாக்டர் சாந்தி ஆபரேஷனில் இருந்தார், மத்தியானத்துக்கு மேல்தான் வெளியே வருவாராம். ஆஸ்பத்திரி பெயர் ருக்மணி அக்காவுக்குத் தெரியவில்லை, ஸ்டேஷன் பக்கம் என்பதோடு சரி.

தாமோதரனிடம் போய் நின்றேன். "அண்ணே, உங்க வேன்ல போயிடலாமா?"

"என் வண்டி அந்த ஊருக்குப் போகாது மேடம்."

"ஒரு பிள்ளையோட காதுண்ணே."

அவர் கணக்குப் பிள்ளையிடம் ஏதோ கேட்பதுபோல் கீழே இறங்கிப் போய்விட்டார். ஈப்போவிலும் இப்படிப்பட்ட மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், என் சித்தப்பாவே ஒருவர். ஆனாலும் அன்றைக்கு அவரைக் கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் போல் இருந்தது.

பாண்டிக்குப் போன் அடித்தேன். "சோழவந்தானா? ஆட்டோவுலயா?" என்றவர், விஷயத்தைக் கேட்டதும் "ஏறுங்கக்கா, பறந்துருவோம்" என்றார். நான், ருக்மணி அக்கா, பத்ரி மூவரும் ஏறினோம். ஆட்டோ பறக்கவில்லை. சமயநல்லூர் தாண்டியதும் இருமியது, பிறகு நின்றது. பாண்டி இறங்கி எதையோ கழற்றி, வாயால் ஊதி, மறுபடி மாட்டினார். "அப்பப்ப இப்படிப் பண்ணும், கோவிச்சுக்கிராதீங்க" என்றார். சாலையின் இரண்டு பக்கமும் நெல்லும் தென்னையுமாகக் கண்ணுக்குக் குளுமையாக இருந்ததாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, திரும்பி வரும்போதுதான் பார்த்தேன்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், மினி லாரிகள். எங்கள் ஊரில் வரிசையில் நிற்பார்கள். இங்கே எதிர்ப் பக்கத்துக்கும் சேர்த்து அடைத்து நின்றார்கள். "கூட்ஸ் ஒண்ணு, அது பின்னாடி எக்ஸ்பிரஸ் ஒண்ணு. இப்பத்தைக்கு தெறக்க மாட்டான்" என்று முறுக்கு விற்றவர் சொல்லிவிட்டுப் போனார். மத்தியான வேளை ஊசி எப்போது என்று யாருக்குத் தெரியும்? ருக்மணி அக்கா வாய்விட்டு அழத் தொடங்கினார்.

அப்போது எங்கள் பக்கத்தில் ஒரு பழைய பஜாஜ் ஸ்கூட்டர் வந்து நின்றது. தாமோதரன்! வேர்த்து விறுவிறுத்து, சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. வேன் போகாது என்று சொன்னவர் ஸ்கூட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை அல்லவா?

தங்கையை அவர் பார்க்கவில்லை. "மேடம், இறங்குங்க. குனிஞ்சு வாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரைக் கிட்டத்தட்டப் படுக்கப் போட்டு கேட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனார். நானும் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு குனிந்தேன். தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கக் கேட்டிலும் அதே வித்தை. சட்டப்படி தப்பு, தெரியும். எங்கள் ஊரில் செய்திருந்தால் அபராதம் கட்டியிருப்பேன். இங்கே கேட் கீப்பர் "பாத்துய்யா, பெட்ரோல் ஊத்திரப் போகுது" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டேஷன் பக்கத்து ஆஸ்பத்திரியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் கண்ணனின் அம்மா உட்கார்ந்திருந்தார். உள்ளே கட்டிலில் மஞ்சுளா, மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை, அதன் கையில் ஊசிக்குழாய் சொருகி ஒட்டியிருந்தது. மாமாவைப் பார்த்ததும் மஞ்சுளா எழுந்து நின்றுவிட்டார். தாமோதரன் சுவரைப் பார்த்தார்.

குழந்தைகள் டாக்டர் இளைஞர், பொறுமைசாலி. நான் மூச்சு வாங்க வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். "ஜென்டாமைசின்தான் போயிருக்கு. நேத்து ராத்திரி முதல் டோஸ். அடுத்தது இனிமே போடணும். ஆனா சேக்கும்போதே கேட்டேனே, குடும்பத்துல யாருக்காவது காது கேக்காதான்னு?"

"எங்க பத்ரி மாமாவுக்குக் கேக்காது சார்" என்றார் மஞ்சுளா. "ஆனா அது தீபாவளிக்கு வெடி பக்கத்துல வெடிச்சு போனது. அதான் நான் சொல்லலை."

நான் வாயைத் திறக்கும் முன் தாமோதரன் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"வெடி இல்ல டாக்டர். வெடின்னு நாங்களா சொல்லிக்கிட்டது. ருக்மணிக்கு மாப்பிள்ளை பாத்த நேரம், வீட்டுல ஒருத்தனுக்குத் தானா காது போச்சுன்னா யாரு பொண்ணெடுப்பா? தம்பிக்கு டி.பி. வந்துச்சு. தெனமும் ஊசி. சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சு நான்தான் கூட்டிட்டுப் போவேன். போகையில வரையில பாடிக்கிட்டே வருவான். ஒரு நாள் பாட்டைக் காணோம். 'ஏன்டா நிறுத்திட்ட, பாடுறா'ன்னேன். மறுபடி மறுபடி சொல்றேன், அவன் பேசாம உக்காந்திருக்கான். அன்னைக்குத்தான் டாக்டர் அவனுக்குப் போச்சு."

அந்த அறையில் கண்ணனும் இருந்தார், அவர் அம்மாவும் வாசலிலிருந்து உள்ளே வந்து நின்றிருந்தார். சம்பந்தி வீட்டுக்காரர்கள் முன்னால், அதுவும் தான் சம்பந்தி என்றே ஒப்புக்கொள்ளாதவர்கள் முன்னால், தன் வீட்டுக் குறையை அந்த மனிதர் அவிழ்த்துக் கொட்டினார். காலையில் அவர் கழுத்தைப் பிடிக்க நினைத்தவளும் நான்தான்.

கண்ணனின் அம்மா அதையெல்லாம் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. "நடந்தது கெடக்கட்டும். எம் பேத்திக்கு இப்ப கேக்குமா, கேக்காதா? அதைச் சொல்லுங்க."

"ஜென்டாமைசினை இப்பவே நிறுத்திடுறேன். வேற மருந்து இருக்கு, சளிக்கு அது போதும்" என்றார் டாக்டர். "ஒரு டோஸ் உள்ள போயிருச்சு. அது என்ன பண்ணியிருக்குன்னு இப்ப தெரியாது. பிள்ளை தேறினதும் காதை டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

கேட் திறந்து ருக்மணி அக்காவும் பத்ரியும் வந்து சேர்வதற்குள் மருந்தை மாற்றியாகிவிட்டது. நான் ஊருக்குத் திரும்புவதைத் தள்ளிப் போட்டேன். ஆய்வகத்துக்குக் காரணம் எழுதினேன். உண்மையில் அந்தப் பிள்ளையின் காதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் விமானம் ஏற முடியாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் பாண்டியின் ஆட்டோ சோழவந்தானுக்குப் பழகிவிட்டது. கண்ணன் என்னைக் கொடிக்காலுக்குக் கூட்டிப் போனார். வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே அகத்தி மரங்களைப் பிடித்துக்கொண்டு ஏறிய வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே ஏ.சி. அறை போல் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், கொடிக்கு ஆகாது என்றார். எங்கள் நாட்டு ரப்பர்த் தோட்டத்து நிழலில் கொசுதான் உண்டு, மரியாதை கிடையாது. கண்ணனின் அம்மா அயிரை மீன் குழம்பு வைத்துப் போட்டார். இரண்டாவது முறை சோறு வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிற ரகம். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

சாப்பிடும்போது அவர் ஒன்று சொன்னார். "பிள்ளைக்குக் காது குத்தணும்மா. தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? மஞ்சுவுக்குக் கூடப் பொறந்தவன் இல்ல. அவ மாமன்மாரை வைக்கலாம்னா ஒருத்தருக்கு வர மனசிருந்தும் அண்ணனுக்குப் பயம், ஒருத்தரு மொகத்துலயே முழிக்கிறதில்ல. அதான் காது மொட்டையாக் கெடக்கு."

முகத்தில் முழிக்காதவர் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி, பிளாஸ்க்கில் பால், ஒரு தூக்குவாளியில் ரசம் சாதம், பழம் எல்லாவற்றையும் பத்ரியிடம் கொடுத்து உள்ளே அனுப்புவார். உள்ளே வர மாட்டார். மஞ்சுளாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "கோபம் தீரலையாண்ணே?" என்று கேட்டேன். "அது அப்படியேதான் இருக்கு மேடம்" என்றார், தூக்கின் மூடி சரியாக மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தபடி.

அந்த நாட்களில் ருக்மணி அக்காவிடமும் மஞ்சுளாவிடமும் குழந்தையிடமும் ரத்தம் எடுத்தோம். நர்ஸ் எடுத்தார், நான் வழக்கம்போல் ஜன்னலைப் பார்த்தேன்.

சளி தேறியது. குழந்தையை மதுரைக்குக் கொண்டு வந்தார்கள். டாக்டர் சாந்தியின் அறையில் நாங்கள் எல்லாரும் நெருக்கியடித்து நின்றோம். தாமோதரனும் உள்ளே வந்துவிட்டார். வெளியே உட்கார நாற்காலி இல்லை என்று காரணம் சொன்னார். இருந்தது.

குழந்தை தூங்கினால்தான் டெஸ்ட். அது தூங்குகிற வழியாகத் தெரியவில்லை. தட்டிக் கொடுத்து, தாலாட்டிக் களைத்து, கடைசியில் பால் குடித்தபடி கண் செருகியது. சாந்தி ஒரு சின்னச் செருகியைக் காதில் வைத்தார். உள்ளே ஒலியை அனுப்பி, காது திருப்பி எதிரொலி தருகிறதா என்று பார்க்கிற கருவி. இந்தக் காது, பிறகு அந்தக் காது.

"ரெண்டும் நல்லா இருக்கு" என்றார் சாந்தி. "சில மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அந்த ஊசி மட்டும் ஆயுசுக்கும் கூடாது. இவளுக்கும் கூடாது, நாளைக்கு இவ பெறுற பிள்ளைக்கும் கூடாது."

ருக்மணி அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மஞ்சுளா குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதில் அது விழித்துக்கொண்டது. எனக்கும் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை, துடைத்துக்கொள்ள ரத்தம் துடைக்கிற பஞ்சுதான் கிடைத்தது.

தாமோதரன் மட்டும் அசையவில்லை. "மெஷின் சொல்றது கெடக்கட்டும் டாக்டர். நான் கூப்பிட்டுப் பாத்துக்கிறேனே."

"தாராளமா. ஆனா பின்னாடி நின்னு கூப்பிடணும். உங்களைப் பாத்துத் திரும்பினா கணக்கில்லை."

மஞ்சுளா குழந்தையைப் பத்ரியின் மடியில் வைத்தார். அது பத்ரியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து, அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. தாமோதரன் செருப்பைக் கழற்றிவிட்டு, அடி மேல் அடி வைத்து அதன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். கூப்பிட வாயைத் திறந்தார்.

திறந்த வாய் அப்படியே நின்றது. என்னவென்று கூப்பிடுவார்? அந்தக் குழந்தையின் பெயர் அவருக்குத் தெரியாது. அந்த அறையில் இருந்த மற்ற எல்லாருக்கும் தெரியும், எனக்குக்கூடத் தெரியும். நாங்கள் ஒருவரும் சொல்லவில்லை. மஞ்சுளா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாமோதரன் மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மஞ்சு... பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க?"

மஞ்சுளா உதட்டைக் கடித்துக்கொண்டு, "கயல், மாமா" என்றார்.

"கயலு" என்று கூப்பிட்டார் அவர். சத்தமாகக்கூட இல்லை.

பொத்தானை விட்டுவிட்டுக் குழந்தை முழுசாகத் திரும்பியது. பத்ரிக்கு அண்ணன் குரல் கேட்கவில்லை. அவர் பார்த்ததெல்லாம் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதைத்தான்.

"அண்ணே, கூப்பிட்டீங்களா?" என்று கத்தினார். "என்னைய விட்டுட்டு உங்ககிட்டத் திரும்பிருச்சுண்ணே!"

தாமோதரன் தலையை ஆட்டினார். குழந்தையை மறுபடி பத்ரியின் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். திருப்பி வைத்தார்கள். மறுபடி கூப்பிட்டார், மறுபடி திரும்பியது. அடுத்த நோயாளியை உள்ளே விடுங்கள் என்று சாந்தி சொன்ன பிறகும் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.